கால் படாத பாலம்

பாலம் காலை ஆகாரம் குடித்துக்கொண்டிருந்தது.

நெல்லிச்சாறும் சர்க்கரையும் உப்புகளும் கலந்த ஊட்டநீர் இரு கரையோரத் தொட்டிகளிலிருந்தும் குழாய்களில் ஏறி, கடலுக்கு மேலே தொங்கிய வெளிர் மஞ்சள் வடங்களுக்குள் மெல்ல இறங்கியது. கீழே, அதே பாலத்தின் நிழலில், வலம்புரித்தீவுக்குப் போகும் படகுக்காக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஐஸ் பெட்டியோடு சிலர், வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி, மாவுக்கட்டு பிரித்த காலோடு ஒருவர். தலைக்கு மேல் புதுப் பாலத்தை வைத்துக்கொண்டு படகுக்குக் காத்திருக்கும் இந்தக் காட்சியைத் தினமும் பார்த்துப் பார்த்து ஜெசிந்தா கொரைராவுக்கு வெறுத்துப்போயிருந்தது. அவள்தான் அந்தப் பாலத்தின் உயிர்வேதியியல் அதிகாரி.

அந்தக் கடல் இரும்பைத் தின்று ருசி கண்டது. முன்பு போட்ட இரண்டு இரும்புப் பாலங்களை உப்புக்காற்று அரித்துத் தள்ளிய பிறகுதான் நாண்பாலம் வந்தது. நம் தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கிறதே, அந்த நாணையே பெரிதாக வளர்த்தெடுத்தால் என்ன என்று உலகத்தில் யாரோ யோசித்தார்கள், வளர்த்தும் காட்டிவிட்டார்கள். இழைநெய்யிகள் என்ற உயிரணுக்கள் வடத்துக்குள் கோடிக்கணக்கில் உட்கார்ந்து, கொலாஜன் இழையை ஓயாமல் நெய்துகொண்டிருக்கும். கீறினால் தானே ஆறும். துருப்பிடிக்காது.

ஒரே தொல்லை நம் ஊர் வெயில். சாதாரணக் கொலாஜன் சூடு தாங்காமல் பசையாக இளகிவிடும். அதற்குத்தான் ஜெசிந்தா தேவைப்பட்டாள். கொலாஜன் என்பது மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறு. அந்த முறுக்கு அவிழாமல் பிடித்து வைப்பது ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம். புரோலின் என்ற சாதாரண அமிலம் இழையில் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு, உயிரணு அதன் முதுகில் ஓர் ஆக்சிஜனையும் ஒரு ஹைட்ரஜனையும் ஏற்றிவிடும், முறுக்கு பூட்டிக்கொள்ளும். பாலத்துறையில் அதைப் பூட்டமிலம் என்றே அழைத்தார்கள். வடத்தில் வழக்கத்தைவிட நிறையப் பூட்டமிலம் ஏறும்படி செய்முறை கண்டுபிடித்தவள் ஜெசிந்தா. நெல்லிச்சாறும் அவள் யோசனைதான். நெல்லியிலுள்ள வைட்டமின் சி இல்லாமல் பூட்டு ஏறாது.

ஆக, பாலம் ஆனி மாதமே தயார். திறக்கத்தான் நேரம் வரவில்லை. அமைச்சர் வருவதாக இருந்த வாரத்தில் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எவராவது பாலம் திறப்பார்களா? ஆவணியில் பக்கத்துத் தொகுதிக்கு இடைத்தேர்தல் அறிவித்து நடத்தை விதி வந்தது. ஐப்பசியில் மழை, பந்தல் நிற்காது. கார்த்திகையில் அமைச்சர் மலைக்கு மாலை போட்டுக்கொண்டார். இப்போது மார்கழி. தை மாதக் கடைசியில் தேதி குறித்திருந்தார்கள். மற்ற நாடுகளில் நாண்பாலங்கள் வளர்ந்து முடிந்த வாரமே மிதிபட ஆரம்பித்தவை. வளர்த்து, இரண்டு கரையிலும் சிவப்பு நாடா கட்டி, பூட்டியும் வைக்கப்பட்ட உலகின் முதல் நாண்பாலம் இதுதான்.

பாலம் குடித்ததில் மிஞ்சிய கழிவு, கசிவுக்குழாயில் சொட்டும். அதைக் கசிவுமானியில் ஊற்றிப் பார்ப்பது ஜெசிந்தாவின் காலை வேலை. பூட்டமிலத்துக்கு ஒரு குணம் உண்டு. இழையிலிருந்து ஒரு முறை உடைந்து வந்துவிட்டால் உயிரணு அதை மறுபடி எடுத்துக்கொள்ளாது, கழிவில் தள்ளிவிடும். ஆகவே கசிவில் பூட்டமிலம் கூடினால், உள்ளே எங்கோ கொலாஜன் அவிழ்கிறது என்று பொருள். சில வாரங்களாகவே அளவு கூடிக்கொண்டு வந்தது. கிருமியா என்று பார்த்தாள், இல்லை. சாற்றை மாற்றிப் பார்த்தாள், பலனில்லை.

அன்றைக்கும் மானியின் முள் ஒரு படி மேலே நின்றது. அலுத்துப்போய் நிமிர்ந்தவளின் கண்ணில், வரிசையில் நின்ற அந்த மாவுக்கட்டுக்காரர் பட்டார். லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். ஒரு கால் தேக்கு மாதிரி, கட்டுப் பிரித்த கால் முருங்கைக் குச்சி மாதிரி. ஜெசிந்தா அந்தக் காலையே பார்த்தாள். பிறகு பாலத்தைப் பார்த்தாள். மானியை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

செயற்பொறியாளர் சிதம்பரதாணு நாகர்கோவில்காரர். நல்ல மனிதர், மேலிடத்து உத்தரவு என்றால் மட்டும் வேர்த்துவிடும். ஜெசிந்தா மூச்சிறைக்க அவர் அறைக்குள் நுழைந்தபோது திறப்புவிழாப் பந்தலின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பாலம் தன்னைத் தானே தின்னுட்டிருக்கு."

"என்னம்மா சொல்லுதீங்க காலங்காத்தால?"

"நாண் இழுபட்டாத்தான் நாணா இருக்கும் சார். இழுபடலைன்னா, இவ்வளவு இழை எதுக்குன்னு உயிரணு தானே பிரிச்சுப்போட ஆரம்பிச்சிரும். நம்ம உடம்பும் அப்படித்தான், படுத்தே கெடந்தா நாணும் எலும்பும் தேஞ்சுபோகும். நாம பாலத்தைப் படுக்கையில போட்டு வச்சிருக்கோம்."

தாணு கண்ணாடியைக் கழற்றினார். "பொத்திப் பொத்தி வச்சிருக்கோமேம்மா. ஒரு காக்கா உக்காந்தாக்கூட ஆள் விட்டு வெரட்டுதேன்."

"அதான் சார் தப்பு. இப்படியே போனா திறப்புவிழா அன்னைக்கு வடம் பாதி பலத்துல இருக்கும். எத்தனை பேர் மேல நிப்பாங்க?"

அவர் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பினார். அமைச்சரின் வண்டி வரிசை, பின்னால் இரண்டு ஊர் ஜனம், லாரிகளில் கொண்டுவரப்போகும் கூட்டம், எல்லாம் பாலத்தின் நடுவில் குறிக்கப்பட்டிருந்தது.

"தேதியத் தள்ளிவச்சா?"

"இன்னும் தேயும். அறுந்துதுன்னா ஜனம் கடல்ல. அறுந்துரும்னு முன்கூட்டியே பிரிச்சு எடுத்தோம்னா தீவுக்கு இனிமே பாலமே கிடையாது. வேற வழி, நடக்கணும். மொதல்ல லேசா, அப்புறம் பாரத்தோட. தினமும் ஊரே நடக்கணும்."

"நாடா வெட்டுததுக்கு முன்னால ஒருத்தரும் பாலத்தைக் கடக்கப்பிடாதுன்னு எழுத்துல உத்தரவு இருக்கு. நான் என்ன செய்ய?" என்றார் தாணு. மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார். அமைச்சரின் உதவியாளர் சிரித்தாராம். புதுப் பாலம் தேயுதா, யாரும் தொடவே இல்லையே என்றாராம்.

ஜெசிந்தா படகேறித் தீவுக்குப் போனாள். கருவாட்டு வியாபாரம் செய்யும் பெண்களுக்கெல்லாம் தலைவி செய்யதம்மாள், ஊருக்கெல்லாம் லாத்தா, அதாவது அக்கா; அவர் சொன்னால் தீவில் பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் பயந்துகொண்டு கேட்பார்கள். கருவாடு காயும் மணலில் நின்றபடியே ஜெசிந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"லாத்தா, பாலத்துக்கு நடை பழக்கணும்."

செய்யதம்மாள் இடுப்பில் கைவைத்து அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஆறு மாசமா தலைக்கு மேல பாலத்தத் தொங்கவிட்டுட்டு, நாங்க கீழ படகுல வாந்தி எடுத்துக்கிட்டுப் போறோம். அப்பல்லாம் ஏறாதேன்னீங்க. இப்ப அதுக்கு மேலுக்குச் சுகமில்லன்னதும் நாங்க வேணுமாக்கும்?"

"ஆமா லாத்தா. நீங்கதான் வேணும்."

அந்த நேர்மையான பதிலில் செய்யதம்மாளுக்குக் கோபம் பாதி இறங்கியது. "எம் மருமக போன மழையில படகுலயே பெத்தா. அந்தப் பாலம் பொழைக்கணும்மா. கடக்கக் கூடாதுன்னுதான உத்தரவு? பாதி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டா?"

ஜெசிந்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், அதில் தப்பே இல்லை.

மறுநாள் விடியலில் தீவுக்கரையில் அந்த வேடிக்கை ஆரம்பித்தது. நாடாவை வெட்டக் கூடாது. ஆகவே ஒவ்வொருவரும் அதன் கீழே குனிந்து நுழைந்தார்கள். முதலில் பெண்களும் பிள்ளைகளும், வெறுங்காலோடு, வெறுங்கையோடு. பாலத்தின் நடுவில் செய்யதம்மாள் ஒரு பழைய வலையைக் குறுக்கே போட்டு வைத்திருந்தார். அதுவரை நடந்து, வலையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்கள். திரும்பி வந்து, அக்கரைச் சந்தைக்குப் போவதற்காகப் படகில் ஏறினார்கள்! உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. ஜெசிந்தா தீவுக்கரைக் கசிவுக்குழாய்க்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மானியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

அளவு இறங்கவில்லை. ஏறியது. அடுத்த நாளும் ஏறியது. அதற்கடுத்த நாள் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பிள்ளைகள் மேலே சிரித்துக்கொண்டு நடந்தார்கள். இறங்கச் சொல்லிக் கத்தலாமா என்று எழுந்துவிட்டாள். அப்போதுதான் ஊட்டநீர்த் தொட்டி கண்ணில் பட்டது. வழக்கமாகப் பாதியில் நிற்கும் தொட்டி காலியாகியிருந்தது. குழாய் அடித்தரையை உறிஞ்சிக் கர்கர் என்று சத்தம் போட்டது.

பாலத்துக்குப் பசி எடுத்திருக்கிறது! பழைய தளர்ந்த இழையைப் பிரித்துத் தள்ளிவிட்டுப் புது இழை நெய்கிறது. அதனால்தான் கசிவு ஏறுகிறது. ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். அக்கரைக்குச் சொல்லி இரண்டு பங்கு நெல்லிச்சாறு அனுப்பச் சொன்னாள்.

சாற்றுக் கணக்கு எகிறியதும் தாணு சும்மா இருப்பாரா? யார் திருடுகிறார்கள் என்று பார்க்கப் படகேறி வந்தவர், பாலத்தின் மேல் ஊரே போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"மேடம்! என்ன இது?"

"யாரும் கடக்கல சார். பாதியில திரும்பிடறாங்க."

"பாதியிலயா?"

"நடுவுல வலை போட்டிருக்கு. வேணும்னா பாருங்க."

தாணு பார்த்தார். ஒவ்வொருத்தியும் வலைவரை போய் ஒழுங்காகத் திரும்புவதைப் பார்த்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடக்கல. சரி. நாடா வெட்டல. சரி. அப்ப உத்தரவு மீறல." கொஞ்சம் தயங்கினார். "எனக்கும் சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு, பாத்துக்கிடுங்க." மறுநாளிலிருந்து அக்கரை நாடாவுக்குக் கீழேயும் ஒருவர் கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு குனிந்து நுழைந்தார். அவர் பின்னால் அலுவலகமே நுழைந்தது. இரண்டு பக்கத்து ஜனமும் நடுவலையில் சந்தித்து, குசலம் விசாரித்து, அவரவர் பக்கம் திரும்பிப் போனார்கள். அங்கேயே இரண்டு கல்யாணப் பேச்சுகூட ஆரம்பமானது.

கிறிஸ்துமஸ் முடிந்து பொங்கலும் வந்தது. பெண்கள் கூடையோடு நடந்தார்கள். ஆண்கள் ஐஸ் பெட்டியோடு நடந்தார்கள். சைக்கிள்கள் ஏறின. கசிவில் பூட்டமிலம் மெல்ல மெல்ல இறங்கியது. வடங்கள் கைக்குத் தெரியும்படி பருத்தன. ஆனாலும் ஜெசிந்தாவின் முகம் தெளியவில்லை. லாரிக்கூட்டம் ஏறினால் தாங்குமா என்று சொல்ல, ஒரே இடத்தில் ஒரு பெரிய பாரம் ஏற்றிப் பார்த்தாக வேண்டும். வண்டி ஏற்ற முடியாது; தீவில் லாரி இல்லை, அக்கரையிலிருந்து ஏற்றினால் மேலிடத்துக்குத் தெரிந்துவிடும்.

"என் படகைத் தூக்குங்க," என்றார் கபிரியேல்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தீவுக்கும் கரைக்கும் ஓடும் 'சந்தன மாதா' அவருடையது. பாலம் திறந்தால் அவர் பிழைப்பில் மண்.

"என்ன பாக்குறீங்க? பாலம் அறுந்தா நேரா என் தலையிலதான விழும்? அடியில ஓட்டுறவன் நான்தான!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "எத்தனை வருசம் உங்களத் தூக்கிச் சுமந்திருக்கா. ஒரு நாளாவது அவளத் தூக்குங்களேம்ல."

திறப்புவிழாவுக்கு முந்தின நாள் காலை, தீவின் ஆண்கள் அத்தனை பேரும் 'சந்தன மாதா'வுக்குத் தோள் கொடுத்தார்கள். மோட்டாரைக்கூட இறக்கவில்லை. நாடாவை இரண்டு பெண்கள் மூங்கிலால் உயர்த்திப் பிடிக்க, படகு அதன் கீழே ஊர்ந்து நுழைந்தது. "தூக்கு மாதாவ! ஏலா தூக்கு!" என்று கபிரியேல் படகுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே குரல் கொடுத்தார். கடலுக்கு மேலே, ஆகாயத்தில், ஒரு படகு போய்க்கொண்டிருந்தது. நடுவலை வந்ததும் நின்றார்கள். தோள்கள் நடுங்கின. பாலம் ஒரு சாண் தாழ்ந்தது.

பிறகு அது பாடியது. வேறு எப்படிச் சொல்வது? இறுகிய வடங்களிலிருந்து ஒரு தாழ்ந்த ரீங்காரம் கிளம்பி, கால் வழியாக ஏறி, எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் அதிர்ந்தது. தாழ்ந்த சாண் அப்படியே மேலே வந்தது. ஜெசிந்தா மானியில் ஊற்றினாள். முள் பச்சைக் கோட்டுக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கதறி அழுதாள்; அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் அமைச்சர் வந்தார். நாடாவை வெட்டினார். வண்டிகளும் கூட்டமும் ஏறின. பாலம் அசையக்கூட இல்லை. "இதுவரை ஒருவர் காலும் படாத இந்தப் பாலத்தை உங்களுக்கு அர்ப்பணிக்கிறேன்!" என்று அவர் ஒலிபெருக்கியில் முழங்கியபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அமைச்சர் அதை ஆரவாரம் என்று எடுத்துக்கொண்டு கும்பிட்டார். தாணு மட்டும் முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு வருடம் ஓடிற்று. பாலம் ராஜாவாக இருந்தது. பேருந்தும் ஷேர் ஆட்டோவும் லாரியும் ஓட ஓட இன்னும் பருத்தது. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் பிறந்தன. கபிரியேல் படகை விற்று மினிபஸ் வாங்கினார். அதற்கும் 'சந்தன மாதா' என்றே பெயர்.

ஒரு நாள் தீவின் சுகாதார நிலைய டாக்டர் இன்பரசு ஜெசிந்தாவைத் தேடி வந்தார். "மேடம், லேசாத் தடுக்கி விழுந்தாலே கை ஒடியுது. வாரத்துக்கு ரெண்டு பேர் வர்றாங்க. எலும்புக்குள்ள இருக்கிறதும் கொலாஜன்தானே? அது கரைஞ்சா சிறுநீர்ல உங்க பூட்டமிலம்தான் வரும். உங்க மானியக் கொஞ்சம் தர்றீங்களா?"

முகாம் போட்டார்கள். முந்தின நாள் ஆட்டுக்கால் சூப் யாரும் குடிக்கக் கூடாது, அதிலும் கொலாஜன் இருப்பதால் அளவு குழம்பிவிடும் என்று டாக்டர் தண்டோரா போடாத குறையாகச் சொன்னார். ஜெசிந்தா ஒவ்வொரு குப்பியாக மானியில் ஊற்றினாள். எண்கள் அவளுக்குப் பழக்கமானவையாக இருந்தன. எங்கே பார்த்தோம் என்று யோசித்தவள் திடுக்கிட்டாள். மார்கழி மாதத்துப் பாலம்!

யோசித்தால் ஆச்சரியம் என்ன இருக்கிறது? முன்பு மணலில் கூடை சுமந்து நடந்தார்கள்; அலையில் ஆடும் படகில் தாவி ஏறினார்கள். இப்போது வாசலில் ஆட்டோ, டீக்கடைக்கு ஸ்கூட்டர். பாரம் முழுவதையும் பாலம் வாங்கிக்கொண்டு கொழுத்தது. ஊர் படுக்கையில் விழுந்துவிட்டது. பாலத்தின் கழிவையும் மனுஷன் கழிவையும் பிரித்துப் பார்க்க மானிக்குத் தெரியாது. இரண்டிலும் இருப்பது ஒரே அமிலம்.

கடைசியாக, ஒரு வேடிக்கைக்காக, தன் குப்பியையும் ஊற்றினாள். அன்றைக்கு வந்த அத்தனை பேரிலும் அவளுடைய அளவுதான் அதிகம். ஸ்டூல், மேசை, ஜீப் என்று இருந்தால் வேறென்ன வரும்?

"நடங்கன்னு நான் நாலு மாசமா சொல்றேன், ஒருத்தரும் கேக்கல," என்றார் டாக்டர்.

"உங்களுக்காக நடக்க மாட்டாங்க. அவங்களுக்காகவும் நடக்க மாட்டாங்க," என்ற ஜெசிந்தா எழுந்தாள். "யாருக்காக நடப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

அன்று மாலைக்குள் தீவு முழுக்கச் செய்தி பரவியது: பாலத்துக்கு மறுபடி உடம்பு சரியில்லை. தாணு கேள்வி கேட்கவில்லை. பழைய சிவப்பு நாடாவின் மிச்சம் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. விடியற்காலை இரண்டு கரையிலும் அவரே அதைக் கட்டினார். வெயில் ஏறும் வரை வண்டிகள் கூடாது என்று இந்த முறை அவரே உத்தரவு போட்டார், வேர்க்கவில்லை. ஊரே திரண்டு வந்தது. ஆட்டோக்காரர்கள் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு வந்தார்கள். மினிபஸ்ஸிலிருந்து இறங்கிய கபிரியேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டே குனிந்தார்.

செய்யதம்மாள் நாடாவுக்கு முன்னால் நின்றார். ஒரு கையில் மாவுக்கட்டு. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கசிவுக்குழாய்ப் பக்கம் போன ஜெசிந்தாவை உற்றுப் பார்த்தார்.

"பாலத்து டாக்டரம்மா. நெசமா பாலத்துக்கா சொகமில்ல?"

ஜெசிந்தா ஸ்டூலைக் கை மாற்றிக்கொண்டு கண்ணைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள்.

"அதான பாத்தேன். நெல்லிச்சாத்துத் தொட்டி வழிய வழியல்ல நிக்கிது," என்றார் செய்யதம்மாள். பின்னால் வந்த கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லிக் கெடுக்கவில்லை. கட்டில்லாத கையால் ஸ்டூலைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "பாலத்துக்கு வந்தா ஊரே நடக்கணும். ஊருக்கு வந்தா நீங்க மட்டும் உக்காந்து பாக்குறதாக்கும்? குனிங்க."

ஜெசிந்தா குனிந்தாள். முழங்கால் பாலத்துக்கே கேட்கும்படி சடசடத்தது. தான் வளர்த்த பாலத்தில் அவள் இதுவரை நடந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நடுப்பகுதி வந்ததும், வலை இல்லாமலே, பழக்கத்தில் எல்லோரும் நின்று திரும்பப் பார்த்தார்கள்.

"கடக்கலாம், கடக்கலாம்!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து கேன்வாஸ் ஷூவோடு வந்துகொண்டிருந்த தாணு கத்தினார். "இப்ப உத்தரவு நம்மளுதுதான்!"

அத்தனை காலும் ஒன்றாக முன்னால் நகர்ந்தபோது, பாலம் ரீங்கரிக்க ஆரம்பித்தது.